புதிய பிரிவு

செக்காலை ரோட்டில் எங்கள் கடைக்கு
வெள்ளிக்கிழமை முட்டை வண்டியோடு
ஒரு வதந்தியும் வந்து இறங்கியது.
சூப்பர் மார்க்கெட்டிலும் ஒயின் விற்கலாமாம்,
சட்டம் வரப்போகிறதாம்.

ஏகப்பன் அண்ணன் அன்றைக்கே
வினிகருக்கும் திராட்சை ரசத்துக்கும் நடுவில்
இரண்டரை அடி ரேக்கைக் காலிசெய்தார்.
மதுரையிலிருந்து சாஃப்ட்வேர் பையன் வந்து
கம்ப்யூட்டரில் புதிய பிரிவு ஏற்றினான்.
ஒப்பனைப் பொருள், ஒயின், ஓட்ஸ், ஓமவாட்டர்.
அகர வரிசைக்கு என்ன தெரியும், பாவம்.

எங்களை யாரும் கேட்கவில்லை.
டீ நேரத்தில் நாங்களே கேட்டுக்கொண்டோம்.
சபூராவுக்குக் கை வராதாம்,
காய்கறிப் பக்கம் மாற்றச் சொல்வாளாம்.
பூசையில் சாமியார் குடிப்பதும் அதுதானே என்றாள் அமலோற்பவம்,
சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.
தள்ளுவண்டியில் பிள்ளை உட்கார்ந்து வருமே,
கையெட்டும் தூரத்திலா பாட்டில் என்றார்
குடோன் வீரையா.
அவர் வாயில் நேற்றைய வாடை.

நான் பேசவில்லை.
போன மாசம் வந்த வெள்ளைக்காரியை நினைத்துக்கொண்டிருந்தேன்.
கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வந்தவள்,
ராச்சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் கேட்டாள்.
டிரைவர் ஒயின்ஷாப்புக்குக் கூட்டிப்போனான்.
போர்டு மாறி எத்தனையோ வருஷம்,
வாயில் இன்னும் அந்தப் பேர்தானே.
கம்பி வலைக்கு முன்னால் கைகள்,
கைகளுக்கு மேல் கைகள்.
ஒயின் கேட்டவளை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம்.
உள்ளேயிருந்தவன் ஒரு குவார்ட்டரை நீட்டினானாம்.
திரும்பி வந்து எங்களிடம் சோடா வாங்கினாள்.
சில்லறை வாங்கும்போது விரல் நடுங்கியது.

அந்தக் கம்பி வலையை எனக்கும் தெரியும்.
கார்த்திகை மழையில் வெளியே நின்று
ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

உமையாள் ஆச்சி பில் போடும்போது குனிந்தார்கள்.
"வந்தா சொல்லு.
பினாங்குல இருந்தப்ப ஞாயித்துக்கிழமை
அவுகளும் நானும் ஆளுக்கு அரைக் கிளாஸ்.
இங்க எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் வாங்க?
பாசிப்பருப்புக்கு அடியில வச்சுக் குடுத்துரு."
தலையாட்டினேன்.
அரை என்ற சொல்
எங்கள் வீட்டில் வேறு அளவு.

எங்கள் கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு பாயின்ட்,
போன் நம்பர் சொன்னால் ஏறும்.
பில்லே இல்லாத இடத்தில்
பாட்டிலுக்கு மேல் பத்து ரூபாயும் வைத்து
பதினோரு வருஷம் வாங்கியவர் என் வீட்டுக்காரர்.
நாளைக்கு நூற்றறுபது என்று வைத்து
பில் ரோலின் பின்பக்கம் கூட்டிப்பார்த்தேன்.
ஆறாயிரத்து நானூற்று இருபத்து நாலு பாயின்ட்.
ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கிரைண்டர், ஒரு மிக்ஸி,
மிச்சத்துக்கு ஹாட்பாக்ஸ்,
அதற்கும் மேலே நூற்று எழுபத்து நாலு.

விற்கலாமா கூடாதா, எனக்குத் தெரியாது.
எனக்கு ஒரு பில் வேண்டும்.
தேதி, நேரம், அளவு, தொகை.
அடியில் இருக்கும் 'நன்றி, மீண்டும் வருக'வை மட்டும்
கிழித்துவிட்டு வைத்துக்கொள்வேன்.

ஆனால் மூன்றாம் கவுண்டரில்
அந்த பில்லைப் போடுவதும் நான்தான்.
"பை வேணுமா சார்" என்று கேட்பதும் நான்தான்,
இன்னொருத்தி வீட்டுக்காரரிடம்.
மறுநாள் அவள் புளி வாங்க வருவாள்.

சட்டம் வரவில்லை.
ரேக்கில் பினாயில் அடுக்கியாயிற்று.
பிரிவை நீக்கத்தான் பையன் மறந்துவிட்டான்.
ராத்திரி ஒன்பதரைக்கு அன்றைய கணக்கு வரும்,
ஒயின்: விற்பனை 0.00.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன்.
வாசலில் அவர் பைக்கோடு நிற்பார்,
சில நாள் நேராக.