ஐம்பது, ஐந்து, அரை

போர்வெனீரில் காற்று ஓய்ந்த நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
அப்படி ஒரு நாள். விடியுமுன்னே
யெர்கோ என் கதவைத் தட்டினான்.
"கோபுரம் ஏற ஆள் வேண்டும்.
எனக்கு முழங்கால் வலி.
உனக்கு வாய் மட்டும்தானே வலிக்கும்."

நான்கு வருடமாக அவன் மீட்டரின் முள்
ஒன்று புள்ளி ஒன்றில் நிற்கிறது.
பால்காரருக்கும் காட்டியிருக்கிறான்,
ஜெயித்த கோப்பையைப் போல.
அனுப்பியது எதுவும் திரும்பி வரவில்லையாம்,
அத்தனையும் வானத்துக்குப் போய்விட்டதாம்.
ஆனால் நீரிணைக்கு அக்கரையில்
புன்டா அரேனாஸின் எலியெசெருக்கு மட்டும்
அது கேட்பதில்லை.
"யாரோ தும்முகிறார்கள், நீயா?" என்பான்.

யெர்கோ முதலில் அவன் காதைக் குறை சொன்னான்.
பிறகு இடையில் நிற்கும் கப்பல்களை.
பிறகு மலையை.
இடையில் மலை கிடையாது.

பன்னிரண்டு மீட்டர் உயரத்தில்
இணைப்பைத் திருகிக் கழற்றினேன்.
விரலெல்லாம் பச்சை.
கீழே ஜன்னலிலிருந்து அவன் கத்தினான்:
"திரும்ப மாட்டிவிட்டாயா? அருமை!
ஒன்று புள்ளி இரண்டு!"

நான் மாட்டவில்லை.
கேபிளின் நுனி என் கையுறைக்குள்
எதிலும் படாமல்
வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கீழே சத்தமே இல்லை.

பிறகு கயிற்றில் ஒரு பை ஏறி வந்தது.
அலையை விழுங்கிச் சூடாகும் போலிச் சுமை ஒன்று,
வாட் மீட்டர் ஒன்று.
நுனியில் பூட்டினேன்.
"ஐம்பது அனுப்புகிறேன். எவ்வளவு வருகிறது?"
"ஐந்து."
"ஐம்பதா?"
"ஐந்து!"
"சரியாகக் கேட்கவில்லை, ஐம்பதுதானே?"
கையை விரித்துக் காட்டினேன். ஐந்து விரல்.

ஐம்பது கிளம்பி ஐந்தாய் வந்து சேர்கிறது.
போக்கிடமில்லாமல் அந்த ஐந்து திரும்பினால்
வீடு வரும்போது அரை.
முள் அந்த அரையைப் பார்த்துவிட்டு
"எல்லாம் நலம்" என்கிறது.
வழியில் செத்ததையெல்லாம்
ஊர் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கெழுதியிருக்கிறது,
நான்கு வருடம்,
அசையாமல்.

மீதி நாற்பத்தைந்து எங்கே?
"உன் நாய் கேபிளை ஒட்டியே படுப்பது
அதற்காகத்தானோ" என்றேன்.
பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டான்.
முப்பது மீட்டர், மீட்டருக்கு ஒன்றரை வாட்.
"நாய்க்குக்கூடக் காணாது" என்றான்.
சிரிக்கவில்லை.

கத்தியால் நெடுக்காகக் கீறினோம்.
விலாங்குத் தோல் போலக் கருப்பு உறை.
உள்ளே செம்புப் பின்னல்
சாம்பலும் பச்சையுமாய் மக்கியிருந்தது.
ஒரு சொட்டு வழிந்தது.
நாக்கில் தொட்டுப் பார்த்தான்.
"கடல்."
மேலே நாடா சுற்றிய இடத்தில்
நகம் நுழையும் ஒரு வெடிப்பு.
நாடா சுற்றியது யார் என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் படகில் புதுச் சுருள் வந்தது,
கட்டைவிரல் தடிமன்.
ஐம்பதுக்கு முப்பத்தெட்டு.
இந்த முறை காற்று இருந்தும்
ஒரே தடவையில் கேட்டுக்கொண்டான்.
ஆன்டெனாவைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

முள் எழுந்தது. ஒன்று புள்ளி ஒன்றைத் தாண்டியது.
ஒன்று புள்ளி ஐந்து. நிற்கவில்லை.
ஒன்று புள்ளி எட்டு.

"கெட்டுப்போனதா?" என்றேன்.
"எப்போதோ கெட்டிருக்கிறது" என்றான்.
"காற்று வளைத்திருக்கும்.
இத்தனை நாள் அதைச் சொல்ல
ஆள் இல்லை."

முழங்காலைத் தடவிக்கொண்டே
எனக்கும் ஒரு கோப்பை மாத்தே ஊற்றினான்.
பிறகு ஜன்னலைப் பார்த்தான்,
கோபுரத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.