நடுவில் வந்தது

தையில் ஒன்று புள்ளி ஒன்று.
ஆனியில் ஒன்று புள்ளி ஆறு.
இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பிடிக்கிறார்
காவேரிப்பட்டணம் டாக்டரம்மா.

"நடுவுல என்ன ஆச்சு, மாதம்மா?"

மாங்காய் வந்தது.

கூழ் ஃபேக்டரியில்
பொழுதுக்கும் தண்ணீரில்தான் கை.
பெங்களூரா கழுவிக் கழுவி
விரல்தோல் வெளுத்துச் சுருங்கும்.
தொண்டைக்கு மட்டும் இரண்டு மடக்கு.
கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
வெளியே லாரிக்காரர்கள்.

தூரம் நின்று நாலு வருஷம்.
இனிக் குறித்துவைக்க என்ன இருக்கிறதென்று
காலண்டரைக் கழற்றிவிட்டேன்.
மார்கழியில் ராத்திரிக்கு நாலு தரம் எழுப்பி,
வைகாசியில் மஞ்சளாய்ச் சொட்டி எரிந்து
உடம்பு
தன்பாட்டுக்குக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நாளைக்கு எத்தனை சொம்பு குடிப்பே?"

எழுதுகிறதுதான் எழுதுகிறீர்கள்,
மாத்திரைக்கு மேலே
ஒரு தாழ்ப்பாள் எழுதுங்கள்.