விலகத் தெரியாத வண்டி

சோஃபியா நகரத்தில்
பதினெட்டு வருஷமாக டிராம் ஓட்டுகிறேன்.
ஸ்டியரிங் கிடையாது என் வண்டிக்கு.
புதிதாய் வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாள்
கை வைக்க இடம் தேடித் தவிப்பார்கள்.
ஒரே கைப்பிடி:
முன்னே தள்ளினால் ஓட்டம், பின்னே இழுத்தால் பிரேக்.
காலடியில் மணிக்கு ஒரு பெடல்.
என் ஆயுதசாலை அவ்வளவுதான்.

குறுக்கே பாய்கிறவனைச் சுற்றிப் போக முடியாது.
ஒதுங்க முடியாது.
துரத்திப்போய்ப் பழிவாங்கவும் முடியாது;
அது ஒரு சௌகரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் உட்கார்ந்திருப்பதால்
ஊராரின் மடியெல்லாம் எனக்குத் தெரியும்.
முழங்காலால் வண்டியை நேராக்கிக்கொண்டு
இமைக்கு மை தீட்டுகிறவள்.
மூன்று ஃபோனிலும் மூன்று வழி கேட்டு
நாலாவது வழியில் திரும்பும் டாக்ஸிக்காரர்.
ரொட்டி வேன்காரன் கால்பந்து பார்க்கிறான்.
கோல் விழுந்தால் எனக்குத் தெரிந்துவிடும்,
வேன் ஒரு துள்ளு துள்ளும்.

பிப்ரவரி கடைசி, பனி அழுக்காகிக் கிடந்த காலை.
தண்டவாளத்தின் மேல் ஒரு வெள்ளை ஜீப்.
உள்ளே ஒருவன்
கோழி தானியம் பொறுக்குகிற வேகத்தில்
இரண்டு கட்டைவிரலாலும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.
மணி அடித்தேன்.
மறுபடி அடித்தேன்.
எனக்குப் பின்னால் நூற்றுப்பத்துப் பேர்,
உறையில் ஒரு செல்லோ,
நாள் நெருங்கிய ஒரு கர்ப்பிணி.
மூன்றாவது மணிக்கு இறங்கி வந்தான்.
மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்றுகூட நினைத்தேன்.

உள்ளங்கையால் என் கண்ணாடியில் அறைந்தான்.
தடித்த கண்ணாடி. வார்த்தை உள்ளே வரவில்லை,
வாயாவி மட்டும் படிந்தது.
என் அம்மாவைப் பற்றித்தான் என்று
உதட்டிலேயே தெரிந்தது.
அம்மா அந்நேரம் பெர்னிக்கில்
பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டிருந்தாள், பாவம்.

இருபத்தாறு டன்.
ஒரு விரற்கடை முன்னே தள்ளினால் போதும்.
கை வியர்த்தது.
பின்னுக்கு இழுத்தே வைத்திருந்தேன்.

அவன் போன பிறகும் கண்ணாடியில் ஐந்து விரல் இருந்தது,
சுண்டுவிரல் மட்டும் வெளிப்புறம் வளைந்து,
வைப்பர் எட்டாத மூலையில்.
விதோஷா மலை அந்தக் கைக்குள் ஏறி இறங்கி
கடைசி நிறுத்தம்வரை கூடவே வந்தது.
டிப்போவில் துடைக்க மறந்தேன் என்றால் பொய்.
துடைக்கவில்லை.

மார்ச்.
எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் ஏறிவிட்டது.
முன்கதவில் ஏறினான்.
முகம் எனக்கு மறந்துபோயிருந்தது.
கம்பியைப் பற்றிய கையில்
சுண்டுவிரல் வெளிப்புறம் வளைந்திருந்தது.
அதற்குக் கீழே
குழந்தை போட்ட கோணல் முடிச்சோடு நூல்.
லைசென்ஸ் போனதா, ஜீப் பட்டறையில் கிடக்கிறதா,
நான் கேட்கவில்லை.
அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
அவன் பார்த்தது கண்ணாடியைத்தானே.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.
சாம்பல் நிறக் கார் ஒன்று தண்டவாளத்தில் ஏறி நின்றது.
உள்ளே ஒரு பையன், மடியில் வெளிச்சம்.
மணி அடித்தேன்.
"இன்னும் அடிங்க மேடம்" என்றது பின்னாலிருந்து சூடான மூச்சு.
"இவனுங்களுக்குக் கண்ணு எங்கே இருக்கு?
பொம்மலாட்ட அரங்கில இறங்கணும்,
ஒன்பதுக்கு என் மக மேடை ஏறுறா."

இருபது நாளாய்த் தீட்டித் தீட்டி
கூராக்கி வைத்திருந்த ஒரு வாக்கியம்
நாக்குநுனிவரை வந்தது.
அதையும் முன்னே தள்ளலாம்,
பின்னே இழுக்கலாம்.

"அடிக்கிறேன்" என்றேன்.

நான்காவது மணிக்குப் பையன் நிமிர்ந்தான்.
முகம் வெளிற, கையை உயர்த்திவிட்டு விலகினான்.
"அப்பாடா" என்றான் பின்னால் நின்றவன்.
பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தான்.

பொம்மலாட்ட அரங்கில் கதவைத் திறந்தேன்.
பலர் இறங்கினார்கள்.
அவன் குனிந்தே நின்றான்,
கட்டைவிரல் இரண்டும் மேய்ந்துகொண்டிருந்தன.

தண்டவாளம் காலி.
முன்னால் ஒரு புறாகூட இல்லை.
மணியை மிதித்தேன்.