சிவப்பு, சிவப்பு, தங்கம்

பள்ளிக்கரணை ரோட்டில்
மெட்ரோ தூண்களுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள்.
கடைக்கு வழி கேட்டால் அந்த நம்பரைத்தான் சொல்கிறேன்.
குமுதவல்லி அப்படித்தான் வந்து சேர்ந்தார்,
வெள்ளைக் காரில்.
டேஷ்போர்டில் சிவப்பாய் ஓர் ஆள்,
மடியில் ஒரு பந்தோடு.

"இந்த லைட் அணையணும், அவ்ளோதான்.
போன வாரம் ஒருத்தர்
பல்பையே பிடுங்கிடலாம்னார்."

ஸ்கேனர் சொன்னது:
டிரைவர் பக்க பெல்ட், ரெசிஸ்டன்ஸ் அதிகம்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு
மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும்,
பெட்டிக்குள் மிச்சமிருக்கும் கோபம் வடிய.
டீ சொன்னேன்.

பெல்ட்டின் அடியில் ஒரு சிட்டிகை மருந்து உண்டு,
தீபாவளி வெடிக்குத் தூரத்துச் சொந்தம்.
மோதும் நொடியில் வெடித்து
உங்களை சீட்டோடு இழுத்துக் கட்டும்.
ஒரே ஒரு முறை.
அதன் மேல் மீட்டர் வைக்கக் கூடாது,
மீட்டரின் சொட்டுக் கரண்டே போதும் என்பார்கள்.
நான் சோதித்துப் பார்த்ததில்லை,
பத்து விரலும் இருக்கின்றன.

மருந்தைக் கழற்றி
அதன் நாற்காலியில் ஒரு பொம்மையை உட்கார வைப்பேன்,
இரண்டு சொச்சம் ஓம் ரெசிஸ்டர்.
பொம்மை இருந்தும் பெட்டி புலம்பினால்
குற்றம் ஒயரில்.
புலம்பியது.

சீட்டுக்கு அடியில் தலைகீழாய்ப் படுத்து
மஞ்சள் கனெக்டரைப் பிரித்தேன்.
டிசம்பர் தண்ணீர் வந்து போன இடம்,
பின்னில் பச்சைப் பூஞ்சை போல் செம்பு பூத்திருந்தது.
துடைத்து, காயவைத்து, மாட்டி, சாவி திருப்பினால்
சிவப்பு ஆள் எழுந்து போய்விட்டான்.
குமுதவல்லி பர்ஸைத் திறந்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம்.

டார்ச்சை எடுக்கத்தான் இடது பக்கம் குனிந்தேன்.
பக்கிளின் கழுத்து
இரண்டு விரற்கடை உள்ளே அமுங்கியிருந்தது.
பெல்ட்டை முழுதாய் இழுத்தேன்,
நெஞ்சுக்கு வரும் இடத்துக்கு மேலே
துணி உருகிப் பளபளத்தது, ஒரு சாண் அகலம்.
யாரோ ஒருவரின் மொத்த எடையும்
அந்தச் சாணில் ஒரு கணம் தொங்கியிருக்கிறது.

மறுபடி நெகட்டிவ், மறுபடி மூன்று நிமிடம்.
இந்த முறை டீ இல்லை.

மஞ்சள் கனெக்டரைச் சுற்றிக் கறுப்பு டேப்.
பிரித்தால் உள்ளே
சிவப்பு, சிவப்பு, தங்கம்,
என் டப்பாவில் இருப்பதற்கு அண்ணன் தம்பி.

ஒவ்வொரு முறை சாவி திரும்பும்போதும்
பெட்டி இரண்டு பக்கமும் கேட்கும்: இருக்கிறாயா?
வலது பக்கத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது,
இருமியது, விளக்கு எரிந்தது.
இடது பக்கம்
வெடித்துச் செத்து எத்தனை மாதமோ,
தெளிவாக, தினமும்,
இருக்கிறேன் என்றது.

"சிங்கிள் ஓனர், ஒரு கீறல் இல்லைன்னு
புரோக்கர் சத்தியம் பண்ணாரே."

"இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

"தங்கச்சி. வாரம் மூணு நாள் டயாலிசிஸ்.
வர்றப்ப தூங்கிடுவா."

நான் கட்டரை எடுத்தேன்.
அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாவி திரும்பியது.
சிவப்பு ஆள் மடியில் பந்தோடு
பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தான்.
"புதுசு வர பத்து நாள் ஆகும்.
அதுவரைக்கும் எரியட்டும்.
அவங்க பின்னாடி உக்காரட்டும்."

விளக்கை அணைக்க வந்தவர்
விளக்கோடு போனார்.
கூலி வாங்கலாமா என்று யோசித்தேன்,
பாதி வாங்கினேன்.

கடை சாத்தும்போது
சட்டைப் பையில் அது தட்டுப்பட்டது,
நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது.
மீட்டரில் வைத்துப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி இரண்டு.
இன்னமும்.