திட்டு

ஐந்தே முக்காலுக்கு ஓசூரில் பஸ் ஏறினோம்.
ஒரே அறை, மூன்று பேர்,
மூவருக்கும் ஒரே நாளில் விடுப்பு.
ஷிப்டு அட்டவணை எப்போதாவது செய்யும் பிழை அது.

தேன்கனிக்கோட்டை வரை நாகவேணி தூங்கினாள்.
அஞ்செட்டி தாண்டிய வளைவுகளில்
பாஹா முர்மு ஜன்னல் கம்பியை விடவேயில்லை.
யானை வருமா என்றாள்.
வந்தா டிக்கெட் எடுக்காதும்மா என்றார் கண்டக்டர்.

பாஹா வந்து எட்டு மாதம்.
ஜார்க்கண்டில், தும்காவிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.
அவளுடைய தமிழ் முழுக்க
அசெம்பிளி லைனில் பொறுக்கியது:
சீக்கிரம். இல்ல. சாப்டியா. தப்பு. மறுபடி.
அப்புறம், திட்டு.
'இன்னிக்கு திட்டு ரெண்டு' என்பாள் இரவில்
காலுறையைக் கழற்றிக்கொண்டே,
கொடியில் காயும் துணியை எண்ணுகிற குரலில்.

ஒகேனக்கல் துறையில்
மிதவைச் சட்டைகள் ஈரத்தில் புளித்துக் கிடந்தன.
பெங்களூர்க் கார்கள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை.
பரிசல்காரர் சென்றாயன் எங்களைக் கண்ணாலேயே நிறுத்தார்:
'மூணு பேரும் சேந்து ஒரு பெங்களூர்க்காரர் எடை. ஏறுங்க.'
துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்:
'அருவி மட்டும் போதுமா, திட்டுக்கும் போலாமா?'

பாஹாவின் முகம் சுண்டிவிட்டது.
'லீவுலயுமா?' என்றாள்.

நாங்கள் சிரித்ததில்
பரிசல் அரைச் சுற்று சுற்றி நின்றது.
நாகவேணிதான் கன்னடம் கலந்த இந்தியில் விளக்கினாள்:
அது வேறு திட்டு.
ஆற்று நடுவில் மணல்.
கத்தாது. மெமோ தராது.

பாறைச் சுவர்களுக்கிடையில் வந்ததும்
ஆறு குரலைத் தாழ்த்திக்கொண்டது.
எதிரே ஒரு பரிசல் கடை இடித்துக்கொண்டு வந்தது,
மிளகாய்த்தூளில் புரண்ட மாங்காய்க் கீற்றுகளுடன்.
விலை, கரையில் கேட்டதைவிட இரண்டு பங்கு.
நடு ஆற்றில் பேரம் பேசி யார் ஜெயித்தது?

திட்டு என்பது இவ்வளவுதான்:
எங்கள் விடுதி மொட்டைமாடியைவிடக் கொஞ்சம் பெரிது.
ஒரு நாணல் புதர்.
யாரோ மீன் வறுத்த கரி.
ஒற்றைச் செருப்பு, இடது.
கொக்கு நடந்த தடம்.
எப்படி வந்ததென்று தெரியாத ஒரு செம்பட்டை நாய்.
நாகவேணியின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது,
கர்நாடகா தங்களை வரவேற்கிறது.
இருபது எட்டு நடந்தாள், தமிழ்நாடும் வரவேற்றது.
'வாடகைக்கு வீடு கேட்டப்ப
ரெண்டு பேரும் எங்க போயிருந்தீங்க?' என்று
போனைக் கேட்டாள்.

பாஹா எங்களோடு இல்லை.
திட்டின் கீழ்முனையில், தண்ணீரில் கால் வைத்து,
நாயிடம் பேசிக்கொண்டிருந்தாள்.
அவள் பாஷையில்.
முழு வாக்கியங்கள்.
ஒன்று முடியுமுன் இன்னொன்று,
நடுவில் மூச்சு, நடுவில் கோபம் மாதிரி ஏதோ,
பிறகு தொடையில் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு.
இத்தனை வார்த்தைகளை அவள்
எந்த அலமாரியில் வைத்திருந்தாள்?
எங்கள் அறையில் அலமாரியே ஒன்றுதான்,
அதிலும் இரண்டு தட்டு என்னுடையது.

சென்றாயன் விசிலடித்தார்.
'மேல தண்ணி தொறந்துட்டாங்க, கெளம்பலாம்.'
கரி கிடந்த இடம் அதற்குள் ஈரமாயிருந்தது.
நாயைத் தூக்கப் போனாள் பாஹா.
அது விலகி, நாணல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.
'அதுக்கு நீந்தத் தெரியும்மா' என்றார் அவர்,
எங்களைப் பார்க்காமல்.

இரவு செய்தியில் சொன்னார்கள்:
நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை.

திங்கட்கிழமை செகண்ட் ஷிப்டு முடிந்து வந்தவள்
கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள்.
'திட்டு எத்தனை?' என்றேன் வழக்கம்போல.
ஏதோ கணக்குப் போட்டாள்.
'ஒண்ணு' என்றாள்.
'தண்ணிக்குள்ள.'