மணலுக்கு ஒரு கட்டம்

காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் படிக்கிறேன்.
இரும்புப் பட்டை, பாதி துரு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரு நத்தை,
நேற்றிலிருந்து நகரவில்லை.
மோனோ ஆறு அதைத் தொட இன்னும் இரண்டு விரற்கடை.

எண்ணைக் குறித்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் அழைக்கிறேன்.
அக்கரை டோகோ, இக்கரை பெனின்.
கரைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று எழுதிவிடலாம்;
தெரியும்.
அக்கரை ஓடக்காரனிடம் வேறு அடையாள அட்டை,
இக்கரைக் காவலரிடம் வேறு பசி.

அணையின் கட்டுப்பாட்டு அறையில் அக்பெக்கோ எடுப்பான்.
பதினோரு வருடமாக எங்களுக்குள் எண்கள் மட்டும்.
"மூன்று இருபது."
"மூன்று இருபது. நன்றி, மதாம்."
ஒருமுறை அவன் குரல் அடைத்திருந்தது.
மறுநாள் நான் எண்ணை மெதுவாகச் சொன்னேன்.
அதற்குமேல் துக்கம் விசாரிக்கத் தெரியவில்லை.

இரவில் அவர்கள் மதகைத் திறந்த வருடம்
எங்கள் மக்காச்சோளம் நின்றபடியே மூழ்கியது.
என் தையல் இயந்திரம் ஓடுவதும்
அந்த மின்சாரத்தில்தான்;
ஆகையால் திட்டுவதைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கீழே, முகத்துவாரத்தில், என் தங்கை சேனாமி
உப்புக் காய்ச்சுகிறாள்.
முன்பு கோடையில் ஆறு இளைக்கும்,
கடல் காயலுக்குள் வந்து உட்காரும்,
மண் உவர்க்கும். சுரண்டி, வடித்து, காய்ச்சினால் உப்பு.
இப்போது கோடையிலும் அணைநீர் வருகிறது.
மேலே அது வரம், வெங்காயப் பாத்தியெல்லாம் பச்சை.
அவள் சட்டியில் மட்டும்
இரண்டு மடங்கு விறகு, பாதி உப்பு.
விறகோ அலையாத்தி,
அலையாத்தியோ மீன்குஞ்சுக்கு வீடு.
எதைப் பிடித்து இழுத்தாலும் இன்னொன்று கூடவே வருகிறது,
வலை மாதிரி இல்லை,
குடல் மாதிரி.

வீட்டை மூன்று முறை பின்னால் நகர்த்திவிட்டாள்.
நான்காவது முறைக்கு இடமில்லை;
பின்னால் காயல்.

கூட்டம் கூடியது.
இரண்டு அரசுகள், ஒரு நீள மேசை,
தண்ணீர்ப் புட்டிகள் மூன்றாவது நாட்டிலிருந்து.
வரைபடத்தில் ஆறு நீலமாக இறங்கி
கரையில் நின்றுவிட்டது.
கடைமடைக்கும் கீழே ஒரு மடை இருக்கிறது;
அங்கே அவர்கள் குறியீடுகளின் விளக்கத்தை அச்சிட்டிருந்தார்கள்.
மின்சாரத்துக்கு இவ்வளவு, பாசனத்துக்கு இவ்வளவு,
ஆவியாகிப் போவதற்குக்கூட ஒரு கட்டம்.

சேனாமி எழுந்தாள். பிரெஞ்சு வராது, மினாவில் கேட்டாள்:
"தண்ணீரைப் பங்கு போட்டீர்கள்.
மணல் யார் பங்கில்?"
மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை
மேசையில் பாதிப் பேர் புரியாததுபோல் காத்திருந்தார்கள்.
அவர்கள் தாய்மொழியும் மினாதான்.

மதகு திறக்குமுன் ஆறு மணி நேரம் முன்னதாகத் தகவல்.
அலையாத்தியை வெட்டக்கூடாத மாதங்கள், இரு கரைக்கும் ஒன்றே.
கோடையில் பத்து நாள் நீரைக் குறைத்துப் பார்ப்பது, சோதனையாக.
மணல்: அடுத்த கூட்டத்தில்.
பத்து நாளில் மண் உவர்க்குமா?
சேனாமி உதட்டைப் பிதுக்கினாள்,
பட்டியலில் பெயரையும் எழுதிவிட்டு வந்தாள்.

படிக்கட்டில் ஒருவன் நின்றிருந்தான்,
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
"மூன்று இருபது" என்றான்.
அந்தக் குரல்.
கையில் ஒரு பால்பவுடர் டப்பா,
அணைக்குப் பின்னாலிருந்து அள்ளிய மணல்.
"உங்களுடையது. நாங்கள் பிடித்து வைத்திருந்தோம்."

சேனாமி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.
"பருமணல்" என்றாள். "இதுதான் நிற்கும்."

அதைக் கடலில் கொட்டவில்லை.
ஒரு அலைக்குக் காணாது.

மறுநாள் ஆறு மணி. நத்தையைக் காணோம்.
மூன்று பதினெட்டு.
பதிவேட்டில் தேதி, நேரம், மட்டம், மழை.
ஓரத்தில் இன்னொரு கோடு கிழித்தேன்,
தலைப்பில் மணல் என்று எழுதினேன்,
கீழே: ஒரு டப்பா.

பிறகு போனை எடுத்தேன்.