கதவோரப் பை

கதவோரத்தில் ஒரு பை நிற்கிறது,
வந்த விருந்தாளி உட்காரவும் மாட்டாமல்
போகவும் மாட்டாமல் நிற்பதுபோல.
மூன்று வருடமாயிற்று.

நகராட்சி தந்த தாளைப் பார்த்துப் பார்த்து
அன்று ஒன்றுவிடாமல் வைத்தேன்:
டார்ச், பேட்டரி, தண்ணீர், பிஸ்கட்,
வீட்டுப் பத்திரத்தின் நகல், தடித்த ஸ்வெட்டர்,
மகனுக்கு ஒரு ஜோடி ஷூ.

எங்கள் ஊரில் தரை மேலே வருகிறது.
பொட்ஸுவோலியில் இதைச் சொன்னால்
யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
மாதத்துக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று
மீன் விலைக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகும்
உள்ளூர் வானொலி.
துறைமுகத்தில் கடல் இறங்கிவிட்டதே என்கிறார்கள்
வெளியூர்க்காரர்கள்.
கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
படகுகளைச் சேற்றில் சாய்த்துவிட்டு
நாங்கள்தான் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

எப்போது வெடிக்கும் என்று கேட்டேன்.
ஆய்வகத்துப் பெண் நல்லவள், பொய் சொல்லவில்லை.
நாளையா? தெரியாது.
என் மகனுக்கு நரைத்த பிறகா? தெரியாது.
ஒன்றுமே ஆகாமலும் போகலாமா?
போகலாம் என்றாள்.
அந்த ‘லாம்’ மேல்தான்
தினமும் காலையில் காபி வைக்கிறேன்.

பல் மருத்துவமனையில்
நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை.
ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று
அட்டையில் தேதி போட வேண்டும்.
பேனா ஒரு கணம் தயங்கும்.
பிறகு எழுதிவிடும்:
நவம்பர் பதினான்கு, காலை பத்தரை.
வாங்கிக்கொண்டவர்
எந்தக் கேள்வியும் இல்லாமல்
பர்சில் வைத்துக்கொள்வார்.

குளியலறையில் ஓடு பெயர்ந்து கிடக்கிறது.
வெள்ளையா நீலமா என்று
பாதைக்குப் பாதை மறித்துக் கேட்கிறான் கொத்தன் புரோகொலோ.
இடிந்து விழப்போகும் சுவருக்கு
யாராவது நிறம் தேர்ந்தெடுப்பார்களா?
அடுத்த வாரம் சொல்கிறேன் என்பேன்.

பையிலிருந்து முதலில் போனது பேட்டரி,
கால்பந்து இறுதியாட்டத்தன்று, டிவி ரிமோட்டுக்கு.
டார்ச், பூனையைத் தேட
கீழ்வீட்டுக் கொன்செத்தினாவுக்கு.
தண்ணீர் துளசிக்கு; பாஸ்தாவில் போட
அது ஒன்றுதான் பால்கனியில் மிச்சம்.
மகன் கதவைச் சாத்திக்கொண்டு
என்னோடு பேசாத மழை மாலையில்
பிஸ்கட்டை நானே தின்றேன்,
அலமாரிக்குப் பின்னால் நின்று.
ஒவ்வொரு தடவையும்
நாளைக்குத் திருப்பி வைக்கலாம் என்றுதான்.
மறுபடி அந்த ‘லாம்’.

ஜூன் மாதம், இரவு ஒன்று முப்பத்தெட்டு.
கண்ணாடிக் கோப்பைகள் முதலில் பேசின.
அப்புறம் கட்டில்.
அப்புறம் எனக்குள் ஏதோ ஒன்று, பெயரில்லாதது.
பையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினோம்.
சதுக்கத்தில் ஊரே இருந்தது,
உள்ளாடையோடு, கம்பளியோடு, கிளிக் கூண்டோடு.

பையைத் திறந்தேன்.
வெயில் காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர்.
பத்திரத்தின் நகல்.
லோரிஸ் தன் ஷூவை எடுத்துப் போட்டுப் பார்த்தான்;
குதிகால் பாதி வெளியே.
“அம்மா, யாரைக் காப்பாற்றப் போகிறாய்,
ஏழாம் வகுப்பு லோரிஸையா?”
சிரித்தான்.
எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு.
எனக்கும் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை.
தரை இன்னும் லேசாய் முனகிக்கொண்டிருந்தது.
இருட்டில் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.
“எர்சிலியா, இது உன்னுடையதுதானே?”
கொன்செத்தினா, என் டார்ச்சோடு.

விடிந்ததும் மாடியேறினேன்.
ரெண்டு கோப்பை உடைந்திருந்தது, சுவர் நின்றது.
எட்டரைக்கு மருத்துவமனை திறந்தது,
ஒன்பதுக்கு முதல் பல்.
மதியம் புரோகொலோவைக் கூப்பிட்டு
பச்சை என்றேன்.
பச்சை இல்லையே, வரவழைக்க மூன்று மாதமாகும்,
பரவாயில்லையா என்றான்.
சரி, காத்திருக்கிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு
நான் சொன்னது.

பை மறுபடி கதவோரத்தில்.
புது பேட்டரி, தண்ணீர், டார்ச்.
லோரிஸுக்குப் புது ஷூ,
கால் இன்னும் வளரும் என்று
ஓர் அளவு பெரிதாய்.
பிஸ்கட் பாக்கெட்டில் மட்டும்
இப்போதே ரெண்டு குறைகிறது.